பழைய ஜன்னல் கதவில் ஒரு கோல்டு ஃப்ரேம்

அடி இல்லாத ஒரு மரப்பெட்டி, அதன் மேல் சாய்வாக ஒரு கண்ணாடி மூடி. கோல்டு ஃப்ரேம் (cold frame, குளிர்காப்புப் பெட்டி) என்பது இவ்வளவுதான். பகலில் வெயில் கண்ணாடி வழியே இறங்கி மண்ணைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டைக் காற்று அள்ளிக்கொண்டு போகாமல் பெட்டி பிடித்து வைக்கிறது. பசுமைக்குடில் கட்ட இடமோ காசோ இல்லாதவர்களுக்கு இது ஏழைக்கேற்ற எள்ளுருண்டை. குளிர் தொடங்கிய பிறகும் சில வாரம் கீரை பறிக்கலாம். வசந்தத்தில் நாற்றுகளைச் சீக்கிரமே வீட்டுக்கு வெளியே கொண்டுவந்துவிடலாம்.

புதிதாகச் செய்பவர்கள் வழக்கமாக இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். பெட்டியை அடித்து முடித்துவிட்டு அதற்குப் பொருந்தும் ஜன்னலைத் தேடி அலைவது ஒன்று. மூடுவதைப் பற்றியே யோசித்து, திறப்பதை மறந்துவிடுவது இன்னொன்று. முதலாவதில் மரம்தான் வீண். இரண்டாவதில் செடி போய்விடும். குளிரில் விறைத்த செடியைப் போர்வையாவது காப்பாற்றும். வெயிலடிக்கும் நாளில் மூடி திறக்காமல் வெந்துபோனதை ஒன்றும் காப்பாற்றாது.

ஜன்னல் முதலில்

நிலை வேண்டாம், கதவு மட்டும் போதும். அகலம் எப்படி இருந்தாலும் சமாளிக்கலாம். ஆழம், அதாவது முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை, 75 செ.மீ.-ஐத் தாண்டினால் பின்வரிசைக்குக் கை எட்டாது. களை பறிக்கப் பெட்டிமேல் கவிழ வேண்டியிருக்கும்.

எடையைத் தூக்கிப் பார்க்காமலே கணக்குப் போட்டுவிடலாம். கண்ணாடியின் ஒவ்வொரு மி.மீ. தடிப்புக்கும் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 100 செ.மீ.-க்கு 70 செ.மீ. அளவுள்ள கதவில் 4 மி.மீ. கண்ணாடி இருந்தால் கண்ணாடி மட்டும் 7 கிலோ. மரச் சட்டத்தையும் சேர்த்தால் 11, 12 கிலோ வரும். ஒரு கையால் தூக்க இதுவே எல்லை. இரட்டைக் கண்ணாடி என்றால் கண்ணாடியே 14 கிலோ. அது சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கும், மறுக்கவில்லை. ஆனால் தினமும் திறந்து மூட வேண்டிய மூடி அது. கனத்தால் சலிப்பு வந்தால் ஒரு நாள் திறக்காமல் விட்டுவிடுவீர்கள்.

சட்டத்தின் கீழ்க்கட்டை இரு பக்கமும் சேரும் மூலைகளில் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அழுத்திப் பாருங்கள். மரம் உள்வாங்கினால் உளுத்துவிட்டது; கீல் பிடிக்காது. மூட்டு மட்டும் ஆடுகிறது என்றால் கவலையில்லை. நீர்புகாப் பசை விட்டு, அடிப்பக்கம் 'ட' வடிவ இரும்புத் தகடு வைத்து முடுக்கினால் போதும். கதவின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளக்கவும் மறக்க வேண்டாம். பழைய கதவுகள் கோணிப்போயிருக்கும். 5 மி.மீ. வரை வித்தியாசம் இருந்தால் மூடி வெளியே நீட்டும் ஓரத்தில் அது மறைந்துவிடும். அதற்கு மேல் என்றால் மூட்டைத் தளர்த்தி நேராக்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

கண்ணாடியின் மூலையில் சிறிய முத்திரை பொறித்திருந்தால் அது பெரும்பாலும் டெம்பர் செய்த கண்ணாடி. உடைந்தால் சிறு கட்டிகளாக உதிரும், வெட்டி அளவு குறைக்க முடியாது. சாதாரணக் கண்ணாடி கத்தி போன்ற சில்லுகளாக உடைந்து மண்ணில் புதையும். பிறகு அந்த மண்ணில் வெறுங்கை வைக்க முடியாது. சிறு பிள்ளைகள் ஓடியாடும் தோட்டமென்றால் சாதாரணக் கண்ணாடியின் அடிப்பக்கம் ஒளி புகும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடியை எடுத்துவிட்டு அதே சட்டத்தில் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகடு பொருத்திக்கொள்ளலாம்.

பெயின்ட் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீடுகளுக்கு ஈய பெயின்ட் 1978-இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய ஜன்னல் எதையும் ஈயம் உள்ளதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். தேய்த்துப் பார்க்கும் சோதனைக் குச்சி கிடைக்கிறது. ஈயம் இருந்து பெயின்ட்டும் உரிந்துகொண்டிருந்தால் அந்தக் கதவை விட்டுவிடுவதுதான் நல்லது. உரியும் செதில்கள் சாப்பிடும் கீரை வளரும் மண்ணில்தானே விழப்போகின்றன! உப்புத்தாளால் உலரத் தேய்ப்பது இன்னும் மோசம், தூசி மூச்சில் ஏறும். மிகப் பழைய ஜன்னல்களில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் புட்டி என்ற களிம்பில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கக்கூடும். அதையும் உலரச் சுரண்டக் கூடாது.

அளவுக் கணக்கு

இங்கே 100 × 70 செ.மீ. கதவை வைத்தே எல்லா அளவும். உங்கள் கதவு வேறாக இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், முறை அதேதான்.

முன்சுவர் 30 செ.மீ., பின்சுவர் 45 செ.மீ. உயர வித்தியாசம் 15. மூடி முன்னால் 2 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், மழைநீர் சுவரில் வழியாமல் சொட்ட. ஆக சரிவில் பெட்டி தாங்க வேண்டியது 68 செ.மீ. பெட்டியின் ஆழத்தையும் 68 என்று வெட்டினால் மூடி முன்விளிம்பைத் தாண்டாது. சரிவு நீளமும் தரைநீளமும் ஒன்றல்ல. 68-ஐ 68-ஆல் பெருக்கினால் 4624, 15-ஐ 15-ஆல் பெருக்கினால் 225. கழித்தால் 4399, அதன் வர்க்கமூலம் 66.3. எனவே பெட்டியின் வெளி ஆழம் 66 செ.மீ. பக்கவாட்டில் மூடி இருபுறமும் 1 செ.மீ. நீட்டினால் போதும், வெளி அகலம் 98.

இந்த அளவில் சரிவு சுமார் 13 பாகை. குளிர்காலத்துத் தாழ்ந்த வெயிலைப் பிடிக்க இன்னும் செங்குத்தாக இருந்தால் நல்லதுதான். பின்சுவரில் இன்னொரு பலகை ஏற்றி 60 ஆக்கினால் சரிவு 26 பாகை கிடைக்கும், ஆழம் 61 செ.மீ.-ஆகக் குறையும். ஆனால் சூடேற்ற வேண்டிய காற்று கூடும், பக்கச் சுவர்களின் நிழலும் கூடும். முதல் பெட்டிக்கு 13 பாகையே தாராளம்.

பலகை 2.5 செ.மீ. தடிப்பு, 15 செ.மீ. அகலம். வெட்ட வேண்டியவை:

- பின்சுவர்: 93 செ.மீ. பலகை 3
- முன்சுவர்: 93 செ.மீ. பலகை 2
- பக்கச் சுவர்கள்: 66 செ.மீ. பலகை 4
- சாய்வுத் துண்டுகளுக்கு: 66 செ.மீ. பலகை 1
- மூலைக்கால், 5 × 5 செ.மீ.: 43 செ.மீ. 2, 29 செ.மீ. 2
- பக்கச் சுவர் நடுவே உள்பக்கம் வைக்கும் ரீப்பர்: 36 செ.மீ. 2

பலகை மொத்தம் 8 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வெட்டுக்கழிவோடு எட்டரை மீட்டர் வாங்குங்கள். 15 என்று சொல்லி விற்கும் பலகை இழைத்த பிறகு 14 அல்லது 14.5-தான் இருக்கும், கையிலிருக்கும் பலகையை அளந்துவிட்டே மேற்படி கணக்கைப் போட வேண்டும்.

லார்ச், சீடர் இரண்டும் மண் ஈரத்தில் பல வருடம் தாங்கும். சாதாரண பைன் போதும் என்றால் வெளிப்பக்கம் ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை பூசுங்கள். ரயில் தண்டவாளக் கட்டைகள் வேண்டாம், கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஊறியவை. பச்சையடித்த பழைய மருந்தூட்டிய மரமும் வேண்டாம். அமெரிக்காவில் 2003 இறுதிவரை வீட்டு உபயோக மரத்துக்கு ஆர்செனிக் கலந்த மருந்துதான் ஏற்றினார்கள். சரக்கு அடுக்கும் பேலட்டின் பலகை என்றால் முத்திரையைப் பாருங்கள். 'ஹெச்.டி.' என்றால் வெப்பத்தில் பதப்படுத்தியது, எடுக்கலாம். 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது, தொட வேண்டாம்.

பெட்டி அடிப்பது

சாய்வுத் துண்டு தந்திரம் இதுதான்: 66 செ.மீ. பலகை ஒன்றில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கோடு போட்டு அறுத்தால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முக்கோணம் கிடைத்துவிடும். ஒவ்வொன்றும் பின்னால் 15 செ.மீ., முன்னால் பூஜ்யம். ரம்பம் தின்ற 2, 3 மி.மீ. இரண்டிலும் சமமாகக் குறைவதால் கவலையில்லை.

அடிக்குமுன் உள்பக்கத்துக்கெல்லாம் வெள்ளை பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள். பின்சுவரில் பட்ட வெயில் செடிமேல் திரும்பி விழும். வெளிச்சம் குறைந்த மாதங்களில் செடி ஒரு பக்கமாகச் சாயாமல் நிமிர்ந்து வளர இது உதவும். பெட்டி பூட்டிய பிறகு மூலைகளுக்குள் தூரிகை விடுவது சிரமம்.

முன்பலகைகளும் பின்பலகைகளும் பக்கப் பலகைகளுக்கு நடுவே அமர வேண்டும். நான்கு உள்மூலையிலும் மூலைக்கால் நிற்கும், நீளமானவை பின்னால். 4 × 50 மி.மீ. துருப்பிடிக்காத ஸ்க்ரூ, ஒவ்வொரு முனைக்கும் இரண்டு. மொத்தம் 45 வாங்கினால் மிஞ்சும். பலகையை ஊடுருவி இன்னும் 2.5 செ.மீ. மூலைக்காலுக்குள் இறங்கும். ஒரே காலில் இரு பக்கமிருந்தும் ஸ்க்ரூ வருவதால் முன்பக்கத்தவை ஒரு உயரத்தில், பக்கவாட்டில் வருபவை 2 செ.மீ. தள்ளி இருக்கட்டும், இல்லையென்றால் உள்ளே ஒன்றோடொன்று முட்டி நிற்கும். எல்லா ஓட்டையையும் 3 மி.மீ. பிட்டால் முதலில் துளைத்துக்கொள்ளுங்கள். பலகை முனையில் துளையில்லாமல் ஸ்க்ரூ ஏற்றினால் வெடிப்பு விழும்.

நான்கு சுவரும் நின்றதும் மேலிருந்து மூலைவிட்டம் அளந்து பாருங்கள். இரண்டும் 118 செ.மீ. வர வேண்டும். வராவிட்டால் நீளமாக உள்ள மூலையைத் தட்டிச் சரிசெய்த பிறகே மிச்ச ஸ்க்ரூ.

இப்போது முக்கோணத் துண்டு. தடித்த முனை பின்கால்மேல் பட்டு இரண்டு ஸ்க்ரூவில் நின்றுவிடும். நடுவில் 36 செ.மீ. ரீப்பர் கீழ்ப் பலகைகளையும் இதையும் சேர்த்துப் பிடிக்கும். ரீப்பரும் பலகையைப் போல 2.5 செ.மீ. தடிப்பென்றால் இங்கே மட்டும் 40 மி.மீ. ஸ்க்ரூ போடுங்கள், 50 வெளியே நாக்கை நீட்டிவிடும். தொல்லை முன்முனையில்தான். அங்கே மரம் ஒன்றுமில்லாமல் மெலிந்துபோவதால் பக்கவாட்டு ஸ்க்ரூவுக்கு இடமே இல்லை. பசை தடவி உட்காரவைத்து, நுனியிலிருந்து 12 செ.மீ. தள்ளி, மேலிருந்து நேராக ஒரே ஒரு ஸ்க்ரூ. அந்த இடத்தில் துண்டு 2.7 செ.மீ. உயரம் இருக்கும், 50 மி.மீ. ஸ்க்ரூ அதைக் கடந்து கீழ்ப்பலகைக்குள் பிடித்துக்கொள்ளும். தலை மரத்துக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும், இல்லையேல் மூடி அதன்மேல் ஏறி நிற்கும். நுனியில் கடைசி 3 செ.மீ. காகிதம் போலத்தான் இருக்கும். உடைந்தால் அந்த இடத்தில் சிலிகான் வைத்து நிரப்புங்கள், யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

மூடியை மேலே வைத்துப் பார்த்தால் பின்சுவரின் உள்விளிம்பில் அது தட்டும். மூடி சாய்வு, பலகையின் மேல்விளிம்போ மட்டம், 2.5 செ.மீ. தடிப்புக்குள் சுமார் 6 மி.மீ. வித்தியாசம் வருகிறது. இழைப்புளியால் பின்பலகையின் உள்விளிம்பை அந்த 6 மி.மீ. சரித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்ட பெட்டியில்தான் மூடி சரியாக உட்காராமல் இடுக்கு வழியே இரவெல்லாம் சூடு போய்க்கொண்டிருக்கும். முன்பக்கம் மூடி வெளிவிளிம்பில் படியும், அங்கே இழைக்கத் தேவையில்லை. சுற்றிலும் ஒட்டு நுரைப்பட்டை ஒட்டினால் மிச்ச இடுக்கும் அடைபடும்.

மூடி

கதவு சுவரில் நின்றபோது வெளியே பார்த்த பக்கம், அதாவது புட்டி தெரியும் பக்கம், இப்போது மேலே வர வேண்டும். நடுவே குறுக்குச் சட்டங்கள் இருந்தால் அவை மேலிருந்து கீழாக ஓடும்படி வையுங்கள். படுக்கைவாட்டில் போனால் ஒவ்வொன்றும் ஒரு குட்டி அணை.

உண்மையான அணை கீழ்க்கட்டைதான். நின்ற ஜன்னலில் மழைநீர் நில்லாமல் ஓடியது. 13 பாகை சாய்வில் கண்ணாடியும் கீழ்க்கட்டையும் சேரும் பள்ளத்தில் தேங்கும். தேங்கிய நீர் புட்டியைக் கிளப்பி, மூட்டுக்குள் இறங்கி, ஒன்றிரண்டு குளிர்காலத்தில் கட்டையை உளுக்க வைத்துவிடும். உளியால் கீழ்க்கட்டையின் மேல்பக்கத்தில் 6 மி.மீ. அகலத்துக்குக் கண்ணாடி மட்டம்வரை மூன்று கால்வாய் வெட்டிவிடுங்கள், இரு ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. வெட்டிய இடத்தில் பச்சை மரம் தெரியும், உடனே பெயின்ட் அடித்து மூடுங்கள். ஒரு குவளை நீரை மேலே ஊற்றிப் பார்த்தால் வேலை சரியா இல்லையா என்று தெரிந்துவிடும்.

புட்டி வெடித்திருந்தால் எடுத்துவிட்டு, மரப்பள்ளத்துக்கு முதலில் பிரைமர் அடித்துவிட்டுப் புதிது வையுங்கள். காய்ந்த மரம் புட்டியிலுள்ள ஆளிவிதை எண்ணெயை உறிஞ்சிக்கொண்டால் புட்டி பொடிந்துபோகும், பிரைமர் அதற்காகத்தான். ஓரிரு வாரத்தில் மேலே தோல் கட்டிய பிறகு பெயின்ட். தூரிகை கண்ணாடிமேலும் 2 மி.மீ. ஏறி வர வேண்டும். புட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே நீர் புகாமல் அடைப்பது அந்த மெல்லிய கோடுதான். அசிங்கமாக இருக்கிறதென்று பிளேடால் சுரண்டிவிடாதீர்கள்.

கீல் 75 மி.மீ. அளவில் மூன்று, நடு ஊசியை (பின்னை) உருவக்கூடிய வகை. கதவுச் சட்டத்தில் ஏற்றும் ஸ்க்ரூ 20 மி.மீ.-க்கு மேல் வேண்டாம், சட்டத்தின் வெளிப்பாதியிலேயே இருக்கட்டும். கண்ணாடியின் ஓரம் மரத்துக்குள் சுமார் 1 செ.மீ. புதைந்திருக்கிறது, ஸ்க்ரூ நுனி தொட்டால் அன்றே விரிசல்.

முட்டுக்கொடுக்க 40 செ.மீ. ரீப்பர் ஒன்றை மூடியின் கீழ்க்கட்டையில் ஒரே போல்ட்டில் ஆடும்படி தொங்கவிட்டு, அதில் 8 செ.மீ.-க்கு ஒன்றாக 3 செ.மீ. அகலக் காடி வெட்டுங்கள். முன்பலகையின் விளிம்பு அந்தக் காடியில் கவ்விக்கொள்ளும். செங்கல், கல் என்று வைத்தால் ஒரு காற்றுக்கு மூடி எழும்பி, திரும்ப விழும்போது கண்ணாடி போய்விடும். மூடி முழுதாகப் பின்னால் சாய்ந்து கீலைப் பிய்க்காமல் இருக்க ஒரு பக்கம் சங்கிலி, மூடிய நிலையில் பிடிக்க முன்னால் ஒரு கொக்கி. இந்த மூன்றில் எதையும் 'அப்புறம் பார்க்கலாம்' என்று விடாதீர்கள். வெயில் ஏறினால் தானே திறக்கும் மெழுகுச் சிலிண்டர் கிடைக்கிறது, மெழுகு உருகி விரிந்து பிஸ்டனைத் தள்ளும். மின்சாரம் வேண்டாம், நல்ல சாதனம். ஆனால் அது தூக்கும் எடையைப் பார்த்து வாங்குங்கள். பல சிலிண்டர்களுக்கு இந்த 12 கிலோ மூடி தாங்காது.

வைக்கும் இடம்

பூமத்திய ரேகைக்கு வடக்கே இருந்தால் சாய்வு தெற்கைப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற தென்கோள நாடுகளில் வடக்கை. பின்னால் சுவர் இருந்தால் காற்றும் தடுக்கப்படும், பகல் சூட்டை இரவில் சுவர் திருப்பியும் தரும். மழைநீர் தேங்கும் பள்ளம் கூடாது. புல்லைச் செதுக்கி எடுத்து, 20 செ.மீ. ஆழம் மண்ணைக் கொத்தி, 5 செ.மீ. கனத்துக்கு மக்கிய எரு கலந்து, ரசமட்டம் வைத்துப் பெட்டியை இறக்குங்கள். எலித் தொல்லை உள்ள இடமென்றால் அதற்குமுன் அடியில் கம்பி வலை. வெளிப்பக்கம் சுற்றிலும் மண்ணோ வைக்கோலோ அணைத்தால் அடி இடுக்கில் குளிர் நுழையாது.

தினசரி வேலை

குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பம் இரண்டையும் பதியும் வெப்பமானி ஒன்று செடி உயரத்தில், நேர்வெயில் படாமல் தொங்கட்டும். லெட்டூஸ், பாலக், முள்ளங்கி, கொத்தமல்லி போன்றவற்றுக்கு 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் போதும். வெளியே 5 டிகிரிதான் இருந்தாலும் தெளிந்த வெயிலில் மூடிய பெட்டிக்குள் 30-ஐத் தாண்டிவிடும். ஆகவே வெயில் தெரிந்த காலையில் முதல் காடிவரை திறந்து வையுங்கள்; சூடு ஏறினால் அடுத்த காடி. மாலையில் சூரியன் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிட்டால் மிச்சச் சூடு மண்ணில் தங்கும். இருட்டிய பிறகு மூடினால் குளிர்ந்த காற்றைத்தான் பூட்டி வைப்பீர்கள்.

பெட்டி தானாகத் தருவது சில டிகிரி பாதுகாப்பு மட்டுமே. கடும் உறைபனி இரவில் பழைய கம்பளியோ சாக்கோ மேலே போர்த்தி, காலையில் எடுத்துவிடுங்கள். பின்சுவரை ஒட்டி 5 லிட்டர் தண்ணீர் கேன்கள் இரண்டு வைத்தால் பகலில் சூட்டை வாங்கி இரவில் விடும். கருப்பு பெயின்ட் அடித்தால் இன்னும் நன்றாக வாங்கும். முக்கால் அளவுதான் நிரப்ப வேண்டும், உறைந்தால் வெடிக்கும். பனி கனமாகப் பெய்தால் மென்மையான துடைப்பத்தால் தள்ளுங்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள்.

காலையில் இலைகள் கண்ணாடி போல விறைத்திருந்தால் பதறி வெயில் காட்டக் கூடாது. போர்வையை எடுக்காமல் மெதுவாக இளக விடுங்கள், பல கீரைகள் மதியத்துக்குள் எழுந்து நிற்கும். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த இலை மட்டும் தப்பாது, செடி உயரத்துக்கும் மூடிக்கும் இடையே 5 செ.மீ. விட்டு நடச் சொல்வது அதனால்தான்.

நீர் காலையில் மட்டும், வேரில் மட்டும், மண் விரல் ஆழத்துக்கு உலர்ந்த பிறகு மட்டும். குளிர்மாதங்களில் வாரக்கணக்கில் தேவைப்படாமலும் போகலாம். கண்ணாடியின் உள்பக்கம் நாள் முழுக்க நீர்த்துளி கோத்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை. அடுத்து சாம்பல் பூஞ்சை வரும், நாற்றுகள் தண்டடியில் அழுகிச் சாயும். மேகமூட்ட நாளிலும் அரைமணி நேரம் திறந்து வைத்தால் இது அடங்கும். நத்தைகள் மூலைக்கால்களின் பின்னால் ஒளியும், டார்ச் அடித்துப் பொறுக்க வேண்டியதுதான்.

வீட்டுக்குள் வளர்த்த தக்காளி, மிளகாய் நாற்றுகளை வெளியே பழக்க 7 முதல் 10 நாள். முதல் நாள் ஒரு காடி, ஓரிரு மணி நேரம், மேலே மெல்லிய துணி நிழல். நாளாக நாளாகத் திறப்பைக் கூட்டி, கடைசி இரண்டு இரவு திறந்தே வையுங்கள். அதற்குள் உறைபனிக் காலம் முடிந்திருக்க வேண்டும்.

கோடையில் கீல் பின்னை உருவி மூடியைக் கழற்றி, நிழலில் நிற்கவைத்துச் சாத்துங்கள். படுக்கப் போட்டால் சட்டம் வளையும். கழற்றிய கையோடு கால்வாய்களிலுள்ள பாசியைச் சுரண்டி, புட்டியில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, பெயின்ட் விட்டுப்போன இடத்தைத் தொட்டுவிட்டால் அடுத்த குளிருக்கு மூடி தயார்.